டாக்டர் சீட்டு இல்லாமல் வந்தவர்கள்

“உங்க ஊர் சைடுல நெட் கொஞ்சம் வீக் இல்லையா?” என்று என் மேனேஜர் கேட்டார்.

நான் கம்பத்தில் என் வீட்டு மாடி அறையில் இருந்தேன். அவர் சென்னை அலுவலகத்தில் இருந்தார். வீடியோவில் அவர் தலைக்குப் பின்னால் தொங்கிய காலண்டரின் தேதியைக்கூட என்னால் படிக்க முடிந்தது. பேசி முடிக்கும்வரை படம் ஒருமுறையும் நிற்கவில்லை, குரல் ஒருமுறையும் அறுபடவில்லை. எங்கள் ஊர் நெட்டின் வழியாக வந்துதான் எங்கள் ஊர் நெட் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். “செக் பண்றேன் சார்” என்று அப்போதைக்குச் சொல்லிவைத்தேன். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தது இன்னும் முழுசாகப் போகவில்லை.

கல்யாணமாகி கம்பத்துக்கு வந்தபோது வேலையையும் கையோடு கொண்டுவந்தேன். கணவருக்குத் திராட்சைத் தோட்டம், எனக்கு மாடி அறையில் ஜாவா. எங்கள் கம்பெனி ரத்தப் பரிசோதனை லேப்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறது. தேனியில் ஒரு லேப் எங்கள் வாடிக்கையாளர். தேவாரம், கம்பம், தேவதானப்பட்டி என்று சுற்றியுள்ள ஊர்களில் அவர்களுக்கு ரத்தம் எடுக்கும் சின்னக் கிளைகள் உண்டு. எடுத்த ரத்தம் பைக்கிலும் பஸ்ஸிலும் தேனிக்குப் போகும். மெஷினில் முடிவு வந்ததும் அது எங்கள் சர்வருக்கு வரும். அங்கே ஓடும் ஜாவா புரோகிராம் அதை எடுத்து, எந்த டாக்டர் அனுப்பிய நோயாளி என்று பார்த்து, அந்த டாக்டருக்கான வரிசையில் போடும். வரிசையிலிருந்து அது டாக்டரின் போனுக்குப் போய்ச் சேரும். மெசேஜ் க்யூ என்று எங்கள் தொழிலில் சொல்வது இந்த வரிசையைத்தான்.

அந்த ஐப்பசியில் பள்ளத்தாக்கு முழுக்கக் காய்ச்சல். மழை விட்டுவிட்டுப் பெய்தது, தோட்டங்களில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது, வீட்டுக்கு ஒருவர் போர்த்திப் படுத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் ரிப்போர்ட்டுகள் நிற்க ஆரம்பித்தன.

லேபில் பொறுப்பாக இருந்த அக்காதான் முதலில் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. போடியில் வீடு, தினமும் தேனிக்கு பஸ்ஸில் வந்துபோவார். அதுவரை அவரிடம் நான் பேசியதெல்லாம் மென்பொருள் சந்தேகம் மட்டும்தான்.

“ஆத்தா, ரிப்போர்ட்டு எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு இங்கன பச்சையாக் காட்டுது. ஆனா ஒண்ணுகூடப் போய்ச் சேரல. டாக்டருமாரு போன் மேல போன் போட்டுக்கிட்டு இருக்காக.”

பச்சையாகக் காட்டினால் முடிவு எங்கள் சர்வருக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதாவது தேனியின் நெட் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் எங்கள் சர்வர்களுக்குள்ளேயே நடப்பது. புரோகிராம் ஓடும் சர்வரும் வரிசைகள் இருக்கும் சர்வரும் ஒரே கட்டடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. மேற்குத் தொடர்ச்சி மலையே இடிந்து விழுந்தாலும் அவை இரண்டுக்கும் நடுவே ஒன்றும் ஆகாது. இதை மேனேஜருக்கு எழுதினேன். “ரீஸ்டார்ட் பண்ணுங்க” என்று பதில் வந்தது.

ரீஸ்டார்ட் செய்ததும் தேங்கியதெல்லாம் கடகடவென்று போனது. மறுநாள் மத்தியானம் மறுபடியும் நின்றது. மறுபடியும் ரீஸ்டார்ட். இப்படியே நாட்கள் போயின. ஒவ்வொரு முறையும் டிக்கெட் என்ற புகார்ப் பதிவு ஒன்றைத் திறப்போம், அதில் காரணம் என்ற இடத்தில் “வாடிக்கையாளர் பக்கம் நெட்வொர்க் தடங்கல்” என்று எழுதி மேனேஜர் மூடிவிடுவார். பத்துப் பேர் படித்துப் பட்டம் வாங்கி ஒரு குழுவாக இருக்கிறோம், ஆனால் ஏன் நிற்கிறது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தேனி என்றதும் காரணம் கிடைத்துவிட்டது. அதற்கு மேல் எதற்குத் தேட வேண்டும்?

என் கண்ணால் பார்ப்போம் என்று ஒருநாள் பஸ் ஏறித் தேனிக்குப் போனேன். லேபின் முன்கூடத்தில் நாற்காலிகள் நிறைந்து, ஆட்கள் படிக்கட்டு வரை நின்றார்கள். அக்கா ஒரு காதில் போனும் இன்னொரு கையில் பேனாவுமாக இருந்தார். நான் அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை நிறத்தில் வரிசையாக ரிப்போர்ட்டுகள் சேர்ந்தன. ஒன்றும் நகரவில்லை. ரீஸ்டார்ட் செய்யச் சொல்லிச் சென்னைக்குத் தகவல் போயிருந்தது, இன்னும் செய்தபாடில்லை.

சாயங்காலம் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நனைந்த சட்டை, காலில் செம்மண். தேவாரத்திலிருந்து பைக்கிலேயே வந்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. மகளுக்குக் காய்ச்சல், அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்கள்.

“காலையில எடுத்த ரத்தம்மா” என்றார் அக்காவிடம். சத்தமாகத்தான் சொன்னார். “பொழுது சாஞ்சு போச்சு. தட்டணு எம்புட்டு இருக்குன்னு தெரிஞ்சாத்தான் இங்கனயே வச்சுப் பாக்குறதா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறதான்னு சொல்ல முடியும்னு டாக்டரு சொல்றாக. போன் போட்டா ஒங்க போனு பிஸி, பிஸி, பிஸி. புள்ள கண்ணு தெறக்காமக் கெடக்குறா. நீங்க இங்கன ஃபேனுக்கடியில உக்காந்து என்னம்மா பண்றீக?”

அக்கா பெயரைக் கேட்டு, திரையில் தேடி எடுத்தார். முடிவு மத்தியானமே வந்து பச்சையாக நின்றுகொண்டிருந்தது. தட்டணு, அதாவது பிளேட்லெட், வெகுவாகக் குறைந்திருந்தது. அக்கா தன் சொந்த போனில் அந்த டாக்டரைக் கூப்பிட்டு எண்ணைச் சொன்னார். திரும்பவும் ஒருமுறை சொன்னார். “ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டாகளாம், இங்கன தேனிக்குத்தான் கொண்டாராக. நீங்க திரும்பிப் போகாதீக, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று அவரிடம் சொன்னார். அந்த மனிதர் போகும்போது அக்காவைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அந்தப் பார்வைக்கு உரியவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிப்பவர் மனம் அங்கேயே நிற்கும். ஆனால் அவள் பிழைத்தது எங்கள் மென்பொருளால் அல்ல. அவள் அப்பாவிடம் பைக் இருந்ததாலும், பைக்கில் பெட்ரோல் இருந்ததாலும், மழை கொஞ்சம் விட்டிருந்ததாலும்.

கூட்டம் குறைந்ததும் அக்கா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளைக் காட்டினார். ரிப்போர்ட் தாமதத்துக்கு எழுத்தில் விளக்கம் கேட்டு லேப் முதலாளி கொடுத்த மெமோ.

“ஒங்க ஆபீசுல கேட்டாராம். சிஸ்டத்துல ஒண்ணும் இல்ல, ஒங்க பக்கந்தான் பிரச்சினைன்னு சொல்லிட்டாகளாம். ஒங்க பக்கம்னா யாரு? நாந்தான. இத்தன வருசத்துல மெமோன்னு ஒண்ணு கையில வாங்குனதில்ல ஆத்தா.”

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சின்னமனூர் வரை எதையும் பார்த்ததாக நினைவில்லை. கோபம் என்றால் நெஞ்சில் மட்டும் வருவதில்லை. எனக்குக் காது சூடாகும். அன்று வீடு வந்து சேரும்வரை காது சுட்டது.

எனக்கு ஒன்றே ஒன்று தேவைப்பட்டது. அது நின்றிருக்கும்போது பார்க்க வேண்டும். ரீஸ்டார்ட் செய்தால் வரிசை நகரும், ஆனால் ஏன் நின்றது என்பதற்கான தடயம் அத்தனையும் அழிந்துபோகும். திருடன் வந்துபோன வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டு அப்புறம் போலீசைக் கூப்பிடுகிற மாதிரி. “அடுத்த தடவை நின்னா உடனே ரீஸ்டார்ட் பண்ணாதீங்க சார், கொஞ்ச நேரம் எனக்குக் கொடுங்க” என்று மேனேஜரிடம் கேட்டேன்.

“கிளையன்ட் எஸ்கலேட் பண்ணுவாங்க, மேல வரைக்கும் புகார் போகும். நீங்க எதுக்கு இதுல இவ்ளோ எமோஷனல் ஆகுறீங்க?”

எமோஷனல். ஒரு புரோகிராம் ஏன் நிற்கிறது என்று பார்க்கவேண்டும் என்று சொல்வது எமோஷனல். பார்க்காமலே நெட் என்று எழுதி மூடுவது நிதானம். அவரிடம் மேற்கொண்டு பேசாமல் அக்காவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, அடுத்தவாட்டி நின்னா எனக்கு ஒரு மணி நேரம் வேணும். அதுவரைக்கும் நீங்க யாரும் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கேக்கக் கூடாது. ஆனா ரிப்போர்ட்டும் தேங்கக் கூடாது. முடியுமா?”

“முடியும். ஆளுக்கு ஒரு போனை எடுத்துக்கிட்டு நாங்களே ஒவ்வொரு டாக்டருக்கா வாசிச்சுச் சொல்லிர்றோம். நீ பாரு.”

அப்படியே நடந்தது. மறுபடி நின்ற அன்று, லேபில் வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் தங்கள் சொந்த போன்களை எடுத்துக்கொண்டு டாக்டர்களுக்கு எண்களை வாசித்துக்கொண்டிருக்க, நான் இங்கே சர்வருக்குள் நுழைந்து த்ரெட் டம்ப் எடுத்தேன். புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் ஒவ்வொரு இழையும் அந்தக் கணத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று காட்டும் பதிவு அது. பார்த்ததும் புரிந்தது. எல்லா இழைகளும் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தன. வரிசைக்குப் போகும் இணைப்பு ஒன்று கேட்டுவிட்டு, கிடைக்கும் என்று காத்திருந்தன.

இணைப்பை ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக உண்டாக்கினால் நேரம் பிடிக்கும். அதனால் கொஞ்சம் இணைப்புகளை முன்கூட்டியே உண்டாக்கி ஒரு தொகுப்பாக வைத்திருப்போம். கனெக்ஷன் பூல் என்று பெயர். வேண்டும்போது எடுக்க வேண்டும், முடிந்ததும் திருப்பி வைக்க வேண்டும். தேனிக்கான பூலில் இருபது இணைப்பு. இருபதும் வெளியே போயிருந்தன. மறுபக்கம் வரிசைகள் இருக்கும் சர்வரில் போய்ப் பார்த்தேன். இருபது இணைப்பும் அங்கே உயிரோடு, அறுபடாமல், ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருந்தன. நெட் போயிருந்தால் அவை அறுந்திருக்க வேண்டும். அறுபடவே இல்லை. எடுத்தவர் திருப்பிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். போதாததற்கு, காத்திருப்புக்கு ஒரு வரம்பும் வைக்கவில்லை. இவ்வளவு நேரம் பார், கிடைக்காவிட்டால் கத்து என்று எழுதியிருந்தால் முதல் நாளே புரோகிராம் கத்தியிருக்கும். அதுவாகவே எந்தப் புகாரும் சொல்லாமல் காலம் முழுக்க நிற்கும்படி எழுதியிருந்தார்கள்.

அக்காவிடம் போனில் சொன்னேன். “எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு” என்றார்.

“கம்பத்துல இருந்து எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போற ஜீப்பு இருக்குல்லக்கா. மேல எறக்கி விட்டுட்டு ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்தாத்தான அடுத்த ஆளு ஏற முடியும்? இங்கன போன ஜீப்புல சிலது திரும்பி வரல. ஒண்ணொண்ணா மேலயே நின்னு போச்சு. கடைசியில ஸ்டாண்டுல ஒரு ஜீப்பும் இல்ல. ஆளுக மட்டும் நிக்கிறாக.”

“அப்ப நம்ம ரோட்டுல ஒரு கொறையும் இல்ல?”

“ஒரு கொறையும் இல்ல.”

“சரி. அதை எங்க மொதலாளி காதுல விழுற மாதிரி யாராச்சும் சொல்வாகளா?”

சொல்வார்கள் என்று நினைத்து, பார்த்ததையெல்லாம் படம் பிடித்து மேனேஜருக்கு அனுப்பினேன். அவர் அதைக் கம்பெனியின் மூத்த பொறியாளரிடம் காட்டினார். அந்தப் பகுதியை ஆரம்பத்தில் எழுதியவரே அவர்தான். என்னைக் கேட்காமல் இருவரும் சேர்ந்து ஒரு வைத்தியம் செய்தார்கள். இருபதை இருநூறாக்கினார்கள்.

ஒழுகும் தொட்டியைப் பெரிதாக்கினால் ஒழுகுவது நிற்குமா? நிரம்பி நிற்பதுபோல் கொஞ்ச நாள் தெரியும். முன்பு மத்தியானமே நின்றது, இப்போது நிற்கச் சில நாள் பிடிக்கும். அதற்குள் “இஷ்யூ ரிசால்வ்ட்” என்று எல்லோருக்கும் மெயில் போய்விட்டது. ஆனால் வரிசைகள் இருக்கும் சர்வர் எங்கள் வாடிக்கையாளர் எல்லோருக்கும் பொது. அது மொத்தத்தில் இத்தனை இணைப்புக்கு மேல் தாங்காது. தேனியின் புரோகிராம் எடுத்த இணைப்புகளைத் திருப்பித் தராமல் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போக, ஒருநாள் காலை அந்த வரம்பு முட்டியது. சென்னையில் ஒரு பெரிய லேபுக்கு இணைப்பு கிடைக்காமல் அவர்களுடைய ரிப்போர்ட்டும் நின்றது.

அரை மணி நேரம்தான் நின்றது. அந்த அரை மணிக்குள் கம்பெனியே எழுந்து நின்றுவிட்டது. எல்லோரையும் ஒரே அழைப்பில் கூட்டினார்கள். இயக்குநர் வந்தார். மூத்த பொறியாளர் விடுமுறையிலிருந்து வந்தார். “பேஷன்ட் சேஃப்டி” என்ற சொல்லை அன்றைக்குத்தான் எங்கள் கம்பெனியில் முதல்முறையாகக் கேட்டேன். யாரும் அந்த லேபைப் பார்த்து, உங்கள் ஊர் நெட் எப்படி என்று கேட்கவில்லை. தேனியில் வாரக்கணக்கில் நின்றபோது காய்ச்சலில் கிடந்தவர்கள் பேஷன்ட் இல்லையா என்று கேட்க வாயெடுத்தேன். மைக்கை அணைத்துவிட்டு, அறைக்குள் தனியாக, உரக்கக் கேட்டேன். கீழே இருந்த கணவர் மாடிக்கு வந்து எட்டிப் பார்த்தார். “யாரோட சண்டை?” என்றார். “யாருக்கும் கேக்கல, போங்க” என்றேன்.

பதற்றத்தில் ஒரு நல்லது நடந்தது. அதுவரை எனக்குத் திறக்க அனுமதியில்லாத அந்தப் பகுதியின் நிரலை, கோடு என்று நாங்கள் சொல்வதை, திறந்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் கண்டுபிடியுங்கள் என்றார்கள். உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன்.

பூலிலிருந்து இணைப்பை எடுக்கிறது. பிறகு டாக்டரின் குறியீட்டை வைத்து வரிசையின் பெயரை உண்டாக்குகிறது. செய்தியைப் போடுகிறது. இணைப்பைத் திருப்பி வைக்கிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒரு குறையும் இல்லை. நடுவில் தவறு நேர்ந்தால், கடைசி வரிக்கு வராமலே வெளியேறிவிடும். எடுத்த இணைப்பு எடுத்ததுதான். எது நடந்தாலும் திருப்பி வை என்று ஜாவாவில் எழுத வழி இருக்கிறது. முதலாமாண்டு மாணவருக்குச் சொல்லித் தரும் பாடம் அது. எழுதவில்லை. தவறு நேர்ந்தால் அதை லாகில், அதாவது புரோகிராமின் நாட்குறிப்பில், பதிவு செய்யும் வரி ஒன்று இருந்திருக்கிறது. லாக் நிறைகிறது என்று அதையும் யாரோ எடுத்துவிட்டு, எடுத்த காரணத்தைக் குறிப்பாக எழுதி வைத்திருந்தார்கள். லாக் ஏன் நிறைகிறது என்று யாரும் பார்க்கவில்லை. அது நிறையாமல் இருந்தால் போதுமாயிருந்தது.

சரி, தவறு எங்கே நேர்கிறது? டாக்டரின் குறியீட்டில். அந்த இடம் காலியாக இருந்தால் வரிசையின் பெயர் உருவாகாது. புரோகிராம் அங்கேயே விழும்.

டாக்டர் எப்படிக் காலியாக இருப்பார் என்று சென்னையில் இருப்பவருக்குக் கேள்வி வரலாம். எனக்கு வரவில்லை. எங்கள் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குக் காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் நேராக லேபுக்குத்தான் போவார்கள். ரத்தத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்போம், இருந்தால் டாக்டர், இல்லாவிட்டால் மாத்திரை. என் கணவரும் அதைத்தான் செய்வார். ரத்தம் எடுக்கும் கிளையில் டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டால் இல்லை என்பார்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பதிவு செய்வார்கள். காலியாக விடலாம் என்று அந்தப் படிவத்தை அமைத்துக் கொடுத்தது எங்கள் கம்பெனியேதான்.

அப்படி வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் இணைப்பு தொலைந்தது. மற்ற நாட்களில் அப்படி வருபவர்கள் சிலர்தான், பூல் காலியாவதற்குள் வாராவாரம் செய்யும் வழக்கமான ரீஸ்டார்ட்டில் எல்லாம் திரும்பிவிடும். காய்ச்சல் காலத்தில் சீட்டில்லாமல் வருபவர்கள் அதிகம், அதனால் மத்தியானத்துக்குள் பூல் காலி. அதற்குப் பிறகு டாக்டர் சீட்டோடு வந்தவர்களின் ரிப்போர்ட்டும் நின்றது. அந்தத் தேவாரத்துப் பெண்ணின் ரிப்போர்ட் நின்றது அப்படித்தான்.

எனக்கு மேலும் கோபம் வந்தது இன்னொன்றில். சீட்டில்லாமல் வந்தவர்களின் ரிப்போர்ட் ஒருநாளும் போனில் போனதே இல்லை. மென்பொருள் வந்த நாளிலிருந்து போனதில்லை. யாரும் புகார் சொல்லவில்லை, ஏனென்றால் அவர்கள் எதிர்பார்க்கவும் இல்லை. மறுபடியும் பஸ் பிடித்துவந்து, ஜன்னலில் கைநீட்டித் தாளை வாங்கிக்கொண்டு போனார்கள். போனில் வரும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

திருத்தம் பெரியதில்லை. எது நடந்தாலும் இணைப்பைத் திருப்பி வைக்கும்படி எழுதினேன். காத்திருப்புக்கு வரம்பு வைத்தேன். எடுத்துவிட்ட லாக் வரியைத் திரும்பப் போட்டேன். பூலைப் பழையபடி இருபதாக்கினேன். டாக்டர் இல்லாவிட்டால் ரிப்போர்ட் நோயாளியின் போனுக்கே போகட்டும் என்று ஒரு வழி சேர்த்தேன். டாக்டர் இல்லாத பதிவாகவே போட்டுப் போட்டுச் சோதித்தேன். பூலில் ஒன்றும் குறையவில்லை. அதற்குப் பிறகு தேனியில் நிற்கவே இல்லை.

கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் நடந்தது என்ன என்று வாடிக்கையாளருக்கு ஒரு அறிக்கை அனுப்ப வேண்டும். மேனேஜர் எழுதி எங்களுக்குக் காட்டினார். மூல காரணம்: வாடிக்கையாளர் தரப்பில் வழக்கத்துக்கு மாறான தரவுப் பதிவு.

கூட்டத்தில் மைக்கை இந்த முறை அணைக்கவில்லை.

“சார், இது வழக்கத்துக்கு மாறானது இல்ல. காய்ச்சலோட தோட்டத்துல இருந்து நேரா ரத்தம் கொடுக்க வர்ற ஆளுங்க அவங்க. எங்க ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் வருவாங்க. நாம அவங்கள நினைச்சுப் பார்க்கல. அதை எழுதுங்க.”

“அப்படியெல்லாம் எழுத முடியாது. லீகலா நமக்கு ப்ராப்ளம் ஆகும்.”

“அங்க ஒரு அம்மாவுக்கு மெமோ கொடுத்திருக்காக சார்.” கோபத்தில் என் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. மாற்றிக்கொள்ளவில்லை. “நாம பண்ணுன தப்புக்கு அவுக வாங்கியிருக்காக. மொதல்ல நெட்டுன்னீங்க, இப்ப டேட்டாங்குறீங்க. நம்ம கோடுன்னு சொல்ல ஏன் வாய் வரமாட்டேங்குது?”

அந்தக் கோடு எழுதிய மூத்த பொறியாளர்தான், “கோடுதான். என் பக்கம்தான் மிஸ். மாத்திடுங்க” என்றார். அந்தக் கூட்டத்தில் நான் எதிர்பார்க்காதது அது ஒன்றுதான். மேனேஜர் அரைமனதாக “மென்பொருளில் ஒரு குறைபாடு, சில பதிவுகளால் தூண்டப்பட்டது” என்று மாற்றினார். தூண்டப்பட்டதாம். அந்தச் சொல்லை எடுக்க வைக்க என்னால் முடியவில்லை.

அதனால் லேப் முதலாளியை நானே கூப்பிட்டேன். எனக்கு அந்த அதிகாரம் கிடையாது, தெரிந்தேதான் செய்தேன். “சார், தப்பு முழுக்க எங்களோடது. ஒங்க ஆளுக மேல ஒரு பிசகும் இல்ல. நெட்டும் காரணம் இல்ல. ரிப்போர்ட்டு நின்னப்பெல்லாம் போன்ல வாசிச்சுச் சமாளிச்சது அவுகதான்” என்றேன். அவர் கேட்டுக்கொண்டார். “அப்படியாம்மா, சரி” என்றார். போனை வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் அக்கா கூப்பிட்டார்.

“மெமோவைத் திருப்பி வாங்கிக் கிழிச்சுட்டாரு ஆத்தா.”

“என்ன சொன்னாருக்கா?”

“ஒண்ணும் சொல்லல. ‘அந்தத் தாளை இங்கிட்டுக் குடுங்க’ன்னாரு, குடுத்தேன். எல்லாத்து முன்னாடியும் கூப்பிட்டுக் குடுத்தாரு, தனியாக் கூப்பிட்டு வாங்கிக்கிட்டாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தேனி லேபின் பொறுப்பிலிருந்து என்னை அந்த மாதமே எடுத்துவிட்டார்கள். வாடிக்கையாளரோடு நான் நேரடியாகப் பேசக் கூடாது என்று மெயில் வந்தது. வருடாந்தர மதிப்பீட்டில் மேனேஜர், தொழில்நுட்பத் திறமை மிக நன்று, உணர்ச்சிவசப்படுவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். ஏற்கிறேன், ஏற்கவில்லை என்று கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன.

இரண்டாவதை அழுத்தினேன். காரணத்தை எழுதச் சொல்லி ஒரு கட்டம் திறந்தது. தேவாரத்திலிருந்து மழையில் பைக்கில் வந்த அந்த மனிதரிலிருந்து தொடங்கி, நடந்ததையெல்லாம் எழுதினேன். கட்டம் நிறைந்துவிட்டது, மேற்கொண்டு ஏற்கவில்லை. மிச்சத்தை ஒரு மெயிலில் எழுதி, மேனேஜருக்கும் அவருக்கு மேலே இருப்பவருக்கும் சேர்த்து அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை.